அடுப்புக்குக் கிடைத்த கல்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா, உங்களைப் பயமுறுத்துவதற்காகக் கோத்துக் கட்டிய கதை இல்லை இது. இதில் வருகிற மூன்று ஆட்களில் இரண்டு பேர், வேறு வேறு காலத்தில், தனித்தனியாகச் சொன்னது. இருவர் வாயிலும் மணிக்கணக்குகூட மாறவில்லை. மூன்றாவது ஆள் சாகிற வரைக்கும் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதையும் ஒரு சாட்சியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் மடியில் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, ஐப்பசி மாதம். வைகை அணை அப்போது கட்டப்படவில்லை. மலையில் மழை பெய்தால் ஆறு தன் இஷ்டத்துக்கு வரும், தன் இஷ்டத்துக்குப் போகும்.

மலையாண்டி நாகமலை புதுக்கோட்டைக்காரன். வயது இருபத்தாறு. மூங்கில் வெட்டுவதற்காக வருசநாட்டு மலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி சோலையம்மாள் பரவையில் தாய் வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். இது அவளுக்கு மூன்றாவது பேறு. முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இரண்டாவது பிறந்து ஒரு நாழிகை மூச்சு விட்டது, அவ்வளவுதான். இரண்டு தடவையும் மலையாண்டி மலையில் இருந்தான்.

"இந்தத் தடவ நீங்க வாசல்ல நிக்கணும். நீங்க நின்னா எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று அவள் கேட்டிருந்தாள். அவனும் அவள் உச்சந்தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான்.

ஆனால் நாலு நாள் விடாத மழை. ஓடைகள் எல்லாம் ரோட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டன. வண்டி எதுவும் ஓடவில்லை. 'நாள் நெருங்கிவிட்டது, உடனே புறப்படவும்' என்று ஆள் வழியாகச் சேதி மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது.

"மாப்ள, ஆத்தோட போனா மூணு நாலு நாளு. ரோட்ட நம்புனேன்னா பிள்ளைக்கு மொட்டை போடத்தான் போய்ச் சேருவ" என்றான் வெள்ளைத்துரை.

வெள்ளைத்துரை சோலையம்மாளுக்குப் பெரியப்பா மகன். மலையாண்டிக்கு மச்சான் முறை, அதற்கு மேல் தோழன். எந்நேரமும் சிரிப்பும் கேலியுமாக இருப்பான். மலையில் மேஸ்திரியிடம் சீட்டாடி ஜெயித்த கைக்கடிகாரம் ஒன்று அவனிடம் இருந்தது. யாரும் கேட்காமலே பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி சொல்லுவான். இந்தக் கதையில் மணியெல்லாம் துல்லியமாக இருப்பதற்கு அந்தக் கடிகாரம்தான் காரணம்.

மூன்றாவது ஆள் சிவனாண்டி. நாற்பது வயது தாண்டியவர். வெள்ளத்தில் மூங்கில் மிதக்கவிட்டுப் பழகியவர். அதிகம் பேசமாட்டார். மூன்று பேருமாக மூங்கிலை இரண்டு அடுக்காக அடுக்கி, நார்க்கயிற்றால் இறுக்கிக் கட்டித் தெப்பமாக்கினார்கள். ஆளுக்கு ஒரு கழி. ஒரு மூட்டை அரிசி, கொஞ்சம் வெல்லம், ஒரு பானை, ஒரு லாந்தர்.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. மலையை விட்டு இறங்கியதும் ஆறு அகன்று, செம்மண் நிறத்தில் வேகமாக ஓடியது. சாயங்காலம் நாலு பத்துக்கு ஒரு கரையில் தெப்பத்தை ஒதுக்கினார்கள். கரை முழுக்கச் சேறு, அடுப்பு மூட்ட இடமில்லை. தெப்பத்தின் மேலேயே மூட்டலாம் என்றால் மூங்கில் கருகிவிடும். கீழே போட ஒரு பலகைக் கல் வேண்டியிருந்தது. சிவனாண்டி காய்ந்த விறகு தேடிக் கரையேறிப் போனார்.

அப்போதுதான் வெள்ளைத்துரை கூவினான்.

"மாப்ள! இங்க பாரு, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி அடுப்புக்கல்லு!"

கரை இடிந்து சரிந்த இடத்தில் கிடந்தது அது. இரண்டு முழ நீளம், ஒரு சாண் அகலம். சேறு அப்பியிருந்தது.

"யாரு கல்லோ, என்னமோ" என்றான் மலையாண்டி.

"ஆத்துல கெடக்குற கல்லுக்குப் பட்டா பாக்குற ஆளு நீதான். பசிக்குதுடா. பிடி அந்தப் பக்கம்."

இரண்டு பேருமாகத் தூக்கி வந்து தெப்பத்தின் பின்பக்கத்தில் வைத்தார்கள். மேலே மூன்று உருண்டைக் கல்லைக் கூட்டினார்கள். சிவனாண்டி விறகோடு வந்தபோது கல் தெரியவில்லை. சேறும் மேலே கூட்டிய அடுப்பும்தான் தெரிந்தன.

உலை கொதித்தது. அரிசியைப் போட்டார்கள். கரையை விட்டுத் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டே வேகட்டும் என்று விட்டார்கள்.

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அரிசி வேகவில்லை. மலையாண்டி ஒரு பருக்கையை எடுத்துக் கடித்தான். பல்லில் நறுக்கென்றது.

"பழைய அரிசி" என்றான் வெள்ளைத்துரை.

"ஒரு மணி நேரமாவா?" என்றார் சிவனாண்டி.

மணி ஆறு இருபது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வடகரையில் ஒரு பெண் நின்றாள்.

சிவப்புக் கண்டாங்கிச் சேலை. தலையில் வெள்ளைத் துணியில் கட்டிய மூட்டை. ஒரு கையால் அதைப் பிடித்திருந்தாள். வழியில் போகிற வருகிறவர்களிடம் எல்லாப் பெண்களும் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அண்ணே... கொஞ்சம் இறக்கி விடுங்கண்ணே."

ஆறு இழுத்துக்கொண்டு போகிறது. நிறுத்த முடியாது. வெள்ளைத்துரை சிரித்துக்கொண்டே கத்தினான்.

"முன்னால நட ஆத்தா! நாங்க வந்து இறக்கி விடுறோம்!"

அவள் தலையை ஆட்டினாள். அதாவது, மூட்டையோடு சேர்த்து... மெதுவாக.

அன்று ராத்திரி ஒரு மணல் திட்டில் படுத்தார்கள். வெறும் வெல்லத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தார்கள். பானையில் அரிசி அப்படியே கிடந்தது. யாருக்கும் கொட்ட மனம் வரவில்லை.

மறுநாள் மழை. தெப்பத்தின் பின்மூலை ஒன்று தாழ்ந்து போயிற்று. சிவனாண்டி கட்டுகளைத் தடவிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. அரிசி மூட்டையை முன்னால் நகர்த்தினார்கள். அப்போதும் மூலை எழும்பவில்லை. அங்கே யாரோ நிற்பது போலத் தாழ்ந்தே வந்தது.

பகல் பன்னிரண்டு ஐந்து.

"அண்ணே... கொஞ்சம் இறக்கி விடுங்கண்ணே."

அதே சேலை. அதே மூட்டை. முதல் நாள் பார்த்த இடத்திலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி. அதுவும் தென்கரையில்.

இடையில் பாலம் கிடையாது. பரிசல் கிடையாது. அந்த வெள்ளத்தை யாரும் நீந்திக் கடக்க முடியாது.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் சேலை நனையவில்லை.

வெள்ளைத்துரை இந்தத் தடவை சிரிக்கவில்லை. மணியும் சொல்லவில்லை. மலையாண்டிதான் அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"நேத்து அவகிட்ட என்னடா சொன்ன?" என்று கேட்டார் சிவனாண்டி.

"சும்மா... வெளையாட்டுக்குண்ணே."

சாயங்காலம் பேரணைக்கு வந்தார்கள். அங்கே ஆற்றை மறித்த தடுப்பு இருக்கிறது. தெப்பத்தைப் பிரித்துக் கரை வழியாகச் சுமந்து, கீழே போய் மறுபடி கட்ட வேண்டும். மூங்கிலை எல்லாம் எடுத்தாயிற்று. கல்லைத் தூக்கினார்கள். நேற்று இரண்டு பேர் சுமந்த கல். இன்று மூன்று பேர் சேர்ந்தும் முழங்கால் உயரத்துக்குத்தான் வந்தது. கை வழுக்கிப் புரண்டு விழுந்தது.

அடிப்பக்கம் மேலே வந்தது. மழை அதைக் கழுவியது.

இரண்டு முனையிலும் இரண்டு சதுரக் குழிகள். நிறுத்திய இரண்டு கல்லின் மேல் உட்கார வைப்பதற்காகக் கொத்தியவை.

சிவனாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதுலயாடா சோறு பொங்கினீங்க?"

வெள்ளைத்துரை மலையாண்டியைப் பார்த்தான்.

"சுமைதாங்கிடா இது. பாதையில ரெண்டு கல்லு நட்டு, குறுக்கே போடுறது. பிள்ள பெறாம, வயித்துப் பிள்ளையோட செத்தவளுக்காக வைக்கிறது. போறவன் வாறவன் அதுல சுமைய இறக்கி வச்சா, அவ சுமை கொறையும்னு வைக்கிறது."

மலையாண்டி அந்தக் குழிகளைத் தடவிப் பார்த்தான். கல் நின்றுகொண்டிருந்தால் எங்கேயும் தெரிந்திருக்கும். அவன் நடந்த பாதைகளில் நூறு தடவை தலைச்சுமையை இறக்கி இளைப்பாறிய கல். கால் இரண்டையும் வெள்ளம் சாய்த்து, குறுக்குக் கல் மட்டும் தனியே கிடந்ததால் அடையாளம் தெரியவில்லை. இத்தனைக்கும், நிறைமாதப் பெண்டாட்டியிடம் போகிறவன் அவன்.

"இங்கயே போட்டுட்டுப் போயிருவோம்ணே" என்றான் வெள்ளைத்துரை.

"எடுத்தவன் கொண்டு போய் எடுத்த எடத்துல வைக்கணும். இப்பவே திரும்பி நடக்கணும். அதுதான் முறை."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"கல்லோட ரெண்டு நாளு. திரும்பி வர ரெண்டு நாளு."

மலையாண்டி கிழக்கே பார்த்தான். அந்தப் பக்கம்தான் பரவை.

"அண்ணே... நான் சோலையம்மாக்கிட்டப் போறேன். பிள்ளை பொறந்ததும் நானே தூக்கிட்டு வந்து வைக்கிறேன். அதுவரைக்கும் கல்லு என் கூடவே இருக்கட்டும்."

"அவ பொறுப்பாளாடா?"

மலையாண்டி மூங்கிலை உருளையாகப் போட்டு, கல்லைக் கீழ்க்கரைக்கு நகர்த்த ஆரம்பித்தான்.

மூன்றாம் நாள் வெள்ளம் வற்ற ஆரம்பித்திருந்தது. தெப்பம் மணலில் தட்டித் தட்டி நின்றது. இறங்கித் தள்ளினார்கள். ஏறினார்கள். மறுபடி தள்ளினார்கள். அடுப்பு மூட்டவில்லை. கல்லைக் கழுவி, அதன் மேல் மலையாண்டி தன் துண்டைப் போட்டு மூடியிருந்தான். மழையில் நனைந்த துண்டு. தொட்டால் சுட்டது.

சோழவந்தான் தாண்டியது. தேனூர் தாண்டியது. அன்று முழுவதும் அவள் கரையில் தென்படவில்லை. 'விட்டுவிட்டாள்' என்று நினைத்தார்கள்.

சமயநல்லூருக்கு மேலே இருட்டிவிட்டது. கரை மருதமரம் ஒன்றில் தெப்பத்தைக் கட்டினார்கள். விடிந்ததும் பரவை. ஒரு மணி நேரப் பயணம்தான் பாக்கி.

மலையாண்டிக்குத் தூக்கம் வரவில்லை. தூரத்தில் ரயில் கூவியது.

"ரெண்டரை" என்றான் வெள்ளைத்துரை. அவனும் தூங்கவில்லை.

ரயில் சத்தம் தேய்ந்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

தவளைகள் நின்றன.

ஒரே சமயத்தில்.

அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது.

ஹ்ம்ம்... ஹ்ம்ம்... ஹ்ம்ம்...

கனத்த சுமையைத் தூக்கி வருகிறவர்கள் மூச்சு வாங்குவது போல. இல்லை... அதுவும் இல்லை. மலையாண்டி அந்த மூச்சை இதற்கு முன் இரண்டு தடவை கேட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண்கள் பிள்ளை பெறும்போது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

சத்தம் கரையிலிருந்து வரவில்லை.

ஆற்றிலிருந்து வந்தது.

சிவனாண்டியின் கை அவன் வாயைப் பொத்தியது. "பேசாத. பாக்காத."

அவன் பார்த்தான்.

நடு ஆறு. சாயங்காலம் கழியை விட்டு ஆழம் பார்த்து, தரை தட்டாத இடம். அங்கே நின்றாள். தண்ணீர் கணுக்கால் வரைக்கும்தான் இருந்தது.

நடந்து வந்தாள்.

தண்ணீர் சலசலக்கவில்லை.

தெப்பத்தின் பின்மூலை... மெதுவாக... தாழ்ந்தது.

"அண்ணே..."

லாந்தர் வெளிச்சத்தில் கழுத்து மட்டும் தெரிந்தது. சுமையின் பாரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நரம்பு புடைத்து நடுங்கியது.

"இறக்கி விடுறேன்னு சொன்னீகளேண்ணே. கழுத்து ஒடியுதுண்ணே..."

வெள்ளைத்துரை அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லாமல்.

மலையாண்டி தன் வாயிலிருந்து சிவனாண்டியின் கையை எடுத்தான்.

அவனுக்குள்ளே ஒன்றுதான் ஓடியது. பரவையில் ஒருத்தி இதே மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்தில் யார் நிற்கிறார்களோ...

எழுந்தான்.

"மலையாண்டி, வேணாம்டா..."

இரண்டு அடி வைத்தான்.

இரண்டு கையையும் நீட்டினான்.

மூட்டையைப் பிடித்தான்.

கனக்கவில்லை. இரண்டு மூன்று படி அரிசி எடை. அவ்வளவுதான்.

வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளே...

அசைந்தது.

அவன் கத்தவில்லை. குனிந்தான். கல்லின் மேல் வைத்தான். மெதுவாக. தூங்குகிற எதையோ வைப்பது போல.

கழுத்து நிமிர்ந்தது.

"ஆ... ங்..." என்று ஒரு பெருமூச்சு. மூன்று பேருக்கும் கேட்டது.

தெப்பத்தின் மூலை விசுக்கென்று மேலே எழும்பியது.

தவளைகள் கத்த ஆரம்பித்தன.

வெள்ளைத்துரைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தான். "ரெண்டு நாப்பது" என்றான். அப்புறம் மயங்கி விழுந்தான்.

லாந்தரைத் தூக்கிக் காட்டினார்கள். கல்லின் மேல் துண்டு மட்டும் இருந்தது. மூட்டை இல்லை. ஆளும் இல்லை. துண்டு ஜில்லென்றிருந்தது.

விடிந்து அவிழ்க்கும்போது கல்லை மலையாண்டி ஒருவனே நகர்த்தி நடுவில் வைத்தான். அதற்கு அப்போது கல்லுக்குரிய கனம்தான் இருந்தது.

காலை ஏழே கால். பரவைக் கரையில் தெப்பம் முட்டியது. மலையாண்டி ஈரத்தோடு ஓடினான். மாமியார் ஒச்சாயி வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், மாறி மாறி.

"ரெண்டுய்யா! ரெண்டும் பொம்பளப் பிள்ளைக! தாயும் சேமம், பிள்ளைகளும் சேமம்!"

அவன் குனிந்து நிலைப்படி தாண்டினான். உள்ளே சோலையம்மாள் களைத்துக் கிடந்தாள். "வந்துட்டீகளா" என்று மட்டும் கேட்டாள். இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள். ஒன்று வீறிட்டு அழுதது. இன்னொன்று கண் விழித்து, பேசாமல் அவனையே பார்த்தது.

"ஒண்ணு கேட்டவனுக்கு ரெண்டு குடுத்துட்டா மாப்ள எந்தங்கச்சி!" என்று பின்னாலேயே வந்த வெள்ளைத்துரை சிரித்தான். சிரித்தவன் ஒச்சாயியைப் பார்த்து, "எத்தன மணிக்கு?" என்று கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை. வெளியே போய்விட்டான்.

மருத்துவச்சி ராமக்காள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அறுபது வருஷத்தில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேரைக் கையில் வாங்கியவள். ஒச்சாயி பிள்ளைக்கு ஒன்றாக இரண்டு முறத்தில் அரிசியும் வெற்றிலையும் வைத்துக் கொடுத்தாள். ராமக்காள் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டாள். மற்றதைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "போதும் தாயி" என்று எழுந்து போனாள்.

பதினைந்தாம் நாள் மூன்று பேரும் வண்டி கட்டிப் போய்க் கல்லை எடுத்த இடத்தில் திருப்பி வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்களே கூட வந்து கால் கல் இரண்டையும் நிமிர்த்தி நட்டார்கள். பேர் சொன்னார்கள், மாயக்காள் என்று. போன வருஷம் ஐப்பசியில், ஒன்பது மாதம் முடிந்த நிலையில், வலி எடுத்து மூன்று நாளாகியும் பிள்ளை இறங்காமல் செத்துப் போனவள். மலையாண்டி தேங்காய் உடைத்துக் கும்பிட்டான். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தான்.

முப்பதாம் நாள். பிள்ளைகளுக்குப் பேர் வைத்தார்கள். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைகிற நேரம், பட்டப்பகல், மணி இரண்டு இருக்கும். ராமக்காள் அவனைக் கிணற்றுப் பக்கம் கூப்பிட்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்யா. மனசுல வச்சுக்கிட்டுச் சாக முடியாது என்னால."

"சொல்லுங்கத்தா."

"ஆறு மாசமா உன் பொண்டாட்டி வயித்த நான் தொட்டுப் பாக்குறேன். ஒண்ணுதான் இருந்துச்சு. ராத்திரி ஒம்பது மணிக்குப் பொறந்துச்சு. நஞ்சுக்கொடியும் விழுந்துச்சு. வயித்த அமுக்கிப் பாத்தேன், வெறும் வயிறு. சுத்தம் பண்ணி, துணியக் கட்டி, படுக்க வச்சிட்டேன்."

மலையாண்டி ஒரு அடி கிட்டே வந்தான்.

"ரெண்டரை ரயிலு போச்சு. செத்த நேரத்துல அவளுக்குத் திரும்ப வலி. ஒரே வலி... என் கையில வந்து விழுந்துச்சு ரெண்டாவது. எல்லாரும் ரெட்டப் பிள்ளைன்னு குலவ போடுறாக. நான் மட்டும் அரிவாள்மணைய கையில வச்சுக்கிட்டு முழிச்சிட்டு இருந்தேன்."

"ஏன்த்தா?"

ராமக்காள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அதுக்குத் தொப்புள் காஞ்சு, ஆறி, உள்ள போயிருந்துச்சுய்யா. அறுக்க அதுல கொடியே இல்ல."